அமெரிக்க டவுன்டவுன்களை ஒப்பிடுவது எப்படி: பரப்பையும் அடர்த்தியையும் நீங்களே அளக்க ஒரு வழி

எந்த அமெரிக்க நகரத்தின் டவுன்டவுன், அதாவது ஊரின் மைய வணிகப் பகுதி, பெரியது, எது அடர்த்தியானது என்று பேச்சு எழுந்தால் ஒருவர் நகரத்தின் மொத்த மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்து ஓர் எண்ணைக் கொண்டுவருவார், இன்னொருவர் உயரமான கட்டடங்கள் வரிசையாகத் தெரியும் படம் ஒன்றைப் போடுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டுமே டவுன்டவுனை அளக்கவில்லை. முதலாவது நகராட்சி எல்லையின் கணக்கு. இரண்டாவது ஒரு பக்கத்திலிருந்து தெரிந்த தோற்றம், அவ்வளவுதான்.

அரசு இலவசமாகத் தரும் தரவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதை யார் வேண்டுமானாலும் ஒழுங்காகச் செய்யலாம். கணக்கு சுலபம். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கஷ்டம். ஒரே விதியை எல்லா ஊருக்கும் வைத்துக் கோடு போட்டுவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்த மாதிரி, ஊருக்கு ஒரு விதி வைத்தால் அதற்கப்புறம் எவ்வளவு துல்லியமாகக் கூட்டிக் கழித்தாலும் அந்த எண் எதற்கும் ஆகாது. கீழே நான் சொல்லப்போவது எல்லாமே கடைசியில் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

முதலில் நகர எல்லையை ஒதுக்கி வையுங்கள்

2020 சென்சஸ்படி ஜாக்சன்வில்லில் 9 லட்சத்து 49 ஆயிரம் பேர், சான் பிரான்சிஸ்கோவில் 8 லட்சத்து 73 ஆயிரம் பேர். எண்ணைப் பார்த்தால் ஜாக்சன்வில்தான் பெரிய நகரம். ஆனால் அது 1968-இல் டுவால் கவுண்டி என்ற மாவட்டத்தோடு ஒன்றாக இணைக்கப்பட்ட நகரம், நிலப்பரப்பு மட்டும் சுமார் 747 சதுர மைல், அதில் காடும் சதுப்பு நிலமும் ஏராளம். சான் பிரான்சிஸ்கோ வெறும் 47 சதுர மைல். பாஸ்டன் 48, மயாமி 36, ஹூஸ்டன் 640, ஓக்லஹோமா சிட்டி 600-க்கும் மேல். இந்த எல்லைகள் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்த இணைப்புகளாலும் அரசியலாலும் உருவானவை, ஊரின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது என்பதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் மொத்தப் பரப்பு என்று சில இடங்களில் 230 சதுர மைலுக்கு மேல் போட்டிருப்பார்கள், அதில் பெரும்பகுதி கடலும் விரிகுடாவும். அதை வைத்து வகுத்தால் சதுர மைலுக்கு 3,800 பேர்கூட வராது, நிலப்பரப்பை மட்டும் வைத்து வகுத்தால் 18,000-ஐத் தாண்டும். எந்த அட்டவணையைத் திறந்தாலும் நிலமும் நீரும் தனித்தனியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லாஸ் வேகஸ் இன்னும் விசித்திரம். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த ஸ்ட்ரிப் சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை, பாரடைஸ் என்ற, தனி நகராட்சி இல்லாத பகுதியில் இருக்கிறது. நகரத்தின் டவுன்டவுன் என்பது வடக்கே ஃப்ரீமான்ட் தெருப் பக்கம். இந்த இரண்டில் எதை அளக்கிறீர்கள் என்று சொல்லாமல் லாஸ் வேகஸை எந்த ஊரோடும் ஒப்பிட முடியாது.

எந்த அடர்த்தி?

அடர்த்தி என்று ஒரே ஒரு எண் கிடையாது. அங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது ஒன்று. எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள் என்பது வேறு. எல்லா மாடிகளையும் சேர்த்துக் கட்டப்பட்ட தளப்பரப்பு எவ்வளவு என்பது மூன்றாவது, தெருக்களும் சந்திப்புகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது நான்காவது. இந்த நான்கும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் கேள்வி என்னவோ அதற்கு ஏற்றதை எடுங்கள். இரவு எட்டு மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்குமா, மளிகைக்கடை தாக்குப்பிடிக்குமா என்று கேட்டால் குடியிருப்பு அடர்த்தி. ரயில் பாதை போட்டால் கூட்டம் வருமா என்றால் வேலை அடர்த்தி. ஊர் எவ்வளவு பெரியதாகத் தோன்றுகிறது என்றால் தளப்பரப்பு. நடப்பதற்கு எப்படி இருக்கும் என்றால் தெரு அமைப்பு. பொதுவாக ஒப்பிட வேண்டும், குறிப்பான கேள்வி எதுவும் இல்லை என்றால் குடியிருப்பவர்களையும் வேலைக்கு வருபவர்களையும் கூட்டி ஒரு ஏக்கருக்கு எத்தனை பேர் என்று பார்ப்பதுதான் என் பழக்கம், ஏனென்றால் அமெரிக்க டவுன்டவுன்களில் பல ஐம்பது அறுபது வருஷமாக வேலைக்கு மட்டுமே இருந்தவை, சில மட்டும் வீடுகளை இழக்காமல் வைத்திருந்தவை. ஒன்றை மட்டும் எண்ணினால் இரண்டில் ஒரு வகை ஊருக்கு அநியாயம் நடந்துவிடும்.

பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு மன்ஹாட்டன் போதும். அங்கே குடியிருப்பவர்கள் 2020-இல் சுமார் 16 லட்சத்து 94 ஆயிரம். கொரோனாவுக்கு முந்தைய காலத்தில் வேலை நாள் பகலில் அந்தத் தீவில் இருந்தவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டும்.

நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது

பலர் சிட்டி ஹாலை, அதாவது நகராட்சித் தலைமையகத்தை, நடுவாக வைத்துக்கொள்கிறார்கள். சென்சஸ் அலுவலகமே 2012-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் சிட்டி ஹாலிலிருந்து இரண்டு மைல் தூரத்துக்குள் எவ்வளவு பேர் என்று எல்லாப் பெருநகரங்களுக்கும் கணக்குப் போட்டது. 2000-க்கும் 2010-க்கும் இடையில் சிகாகோவின் நடுப்பகுதியில் 48,000 பேர் கூடினார்கள் என்பதும், கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நடுப்பகுதி சுமார் 35,000 பேரை இழந்தது என்பதும் அதிலிருந்து தெரிந்தவைதான். நல்ல முயற்சி. எல்லா ஊருக்கும் ஒரே விதி, அதற்காகவே அதை மதிக்கிறேன்.

ஆனால் சிட்டி ஹால் எல்லா ஊரிலும் நடுவில் இருப்பதில்லை. நியூயார்க்கில் அது தீவின் தென்கோடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, எம்பயர் ஸ்டேட் கட்டடம் அங்கிருந்து இரண்டரை மைலுக்கு மேல். ஆக இரண்டு மைல் வட்டம் போட்டால் நாட்டிலேயே மிகப்பெரிய வேலைப் பகுதியான மிட்டவுன் முழுசாக வெளியே போய்விடும், பதிலாக டவுன்டவுன் புரூக்ளினும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலத்தில் இருக்கும் ஜெர்சி சிட்டியின் ஒரு துண்டும் உள்ளே வந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸிலும் சிட்டி ஹால் டவுன்டவுனின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது, கோபுரங்கள் தென்மேற்கே ஃபிகரோவா தெருப் பக்கம்.

அதனால் நான் வேலைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடத்தை நடுப்புள்ளியாக எடுக்கச் சொல்வேன். சென்சஸ் அலுவலகத்தின் ஆன்-த-மேப் என்ற இணையக் கருவி இதற்கு இருக்கிறது. ஊரைத் தேடி, வேலை செய்யும் இடம் என்ற பார்வையைத் தேர்ந்தெடுத்தால் எங்கே வேலைகள் குவிந்திருக்கின்றன என்று நிறம் நிறமாக வரைபடத்தில் காட்டும். கருமையான திட்டின் நடுவைப் பிடியுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒரு பள்ளி மாவட்டமோ பெரிய நிறுவனமோ தன் ஆட்கள் எல்லாரையும் தலைமை அலுவலக முகவரியில் பதிந்திருந்தால் ஒரே ஒரு பிளாக் (நாலாபுறமும் தெரு சூழ்ந்த ஒரு சதுரம்) மட்டும் ஆயிரக்கணக்கான வேலைகளோடு பளிச்சென்று தெரியும், உண்மையில் அவர்கள் ஊர் முழுக்கச் சிதறி வேலை செய்பவர்களாக இருப்பார்கள். பக்கத்து பிளாக்குகளும் அடர்த்தியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் நடுவை முடிவு செய்ய வேண்டும்.

எல்லைக்கோடு

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

உள்ளூரார் சொல்லும் எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் வழி. பார்க்கச் சரியாகத் தோன்றும். பிட்ஸ்பர்க் போன்ற ஊரில் அது உண்மையிலேயே சரி, அலெகெனியும் மனாங்கஹீலாவும் சேரும் முக்கோணம், கோட்டை ஆறுகளே போட்டுவிட்டன. ஹூஸ்டனில் ஐ-45, ஐ-69, ஐ-10 ஆகிய மூன்று ஃப்ரீவேக்களுக்கு (விரைவுச் சாலைகளுக்கு) நடுவே சுமார் 1.84 சதுர மைல், அதிலும் சண்டை இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் டவுன்டவுனான சென்டர் சிட்டி வழக்கப்படி வைன் தெருவிலிருந்து சவுத் தெரு வரை, இரண்டு ஆறுகளுக்கு நடுவில். ஆனால் அந்தப் பகுதியைக் கவனிக்கும் அமைப்பு தன் அறிக்கைகளில் வடக்கே ஜிரார்ட் அவென்யூவிலிருந்து தெற்கே டாஸ்கர் தெரு வரை நீட்டி, பெரிய சென்டர் சிட்டி என்றும் ஒரு கணக்கு தருகிறது. இரண்டுக்கும் இடையில் மக்கள்தொகை வித்தியாசம் மிகப் பெரியது. ஒரு ஊருக்கு விரிந்த எல்லையையும் இன்னொரு ஊருக்குச் சுருங்கிய எல்லையையும் எடுத்து ஒப்பிட்டவர்கள் நிறையப் பேர், தெரியாமலேயே செய்கிறார்கள்.

சிகாகோவைப் பாருங்கள். லூப் என்ற அதிகாரபூர்வப் பகுதியில் 2020-இல் 42,298 பேர், பரப்பு சுமார் 1.6 சதுர மைல். ஆனால் டவுன்டவுன் ஆற்றைத் தாண்டி எப்போதோ வடக்கே போய்விட்டது. மிச்சிகன் அவென்யூவின் பெரிய கடைத்தெருவும், 100 மாடி உள்ள பழைய ஜான் ஹான்காக் கட்டடமும் நியர் நார்த் சைடில் இருக்கின்றன, அங்கே 1,05,481 பேர். லூப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சிகாகோ டவுன்டவுனில் ஆளே இல்லை என்று எழுதினால் அது ஆற்றைத் தாண்டிப் பார்க்காத எழுத்து.

இரண்டாவது வழி வட்டம். நடுப்புள்ளியிலிருந்து அரை மைல், ஒரு மைல், இரண்டு மைல் என்று வட்டங்கள். ஒரு மைல் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மைல், இரண்டு மைலுக்கு 12.57. விதி எல்லா ஊருக்கும் ஒன்றே, யாரும் குறை சொல்ல முடியாது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் சியாட்டில், சிகாகோ, மயாமி, மில்வாக்கி போன்ற கரையோர ஊர்களில் வட்டத்தின் கணிசமான பங்கு தண்ணீரில் விழும், அதைக் கழித்தே ஆக வேண்டும். கழித்த பிறகும் ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கிறது: நீண்டு கிடக்கும் டவுன்டவுனை வட்டம் எப்போதும் வெட்டும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அடர்த்தியே எல்லையைச் சொல்லட்டும் என்று விடுவது. 1954-இல் மர்ஃபி, வான்ஸ் என்ற இரண்டு புவியியலாளர்கள் இதை ஒழுங்காகச் செய்து காட்டினார்கள். வூஸ்டர், சால்ட் லேக் சிட்டி, டல்சா, ஃபீனிக்ஸ் உட்பட ஒன்பது நடுத்தர ஊர்களை எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காக அளந்தார்கள். ஒரு பிளாக்கில் வணிகத்துக்குப் பயன்படும் தளப்பரப்பு அந்த பிளாக்கின் தரைப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும், மொத்தத் தளப்பரப்பில் பாதியாவது வணிகமாக இருக்க வேண்டும், அப்படிப்பட்ட பிளாக்குகள் நிலவிலை உச்சமாக இருக்கும் சந்திப்பைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஏழு தசாப்தம் ஆகியும் இதன் எலும்புக்கூடு உறுதியாக நிற்கிறது, ஏனென்றால் யார் போய் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே கோடு வரும்.

ஆனால் அவர்கள் வீடுகள், அரசு அலுவலகங்கள், பள்ளிகள், தேவாலயங்கள் எல்லாவற்றையும் டவுன்டவுனுக்கு உரியவை அல்ல என்று கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று பழைய அலுவலகக் கட்டடங்கள் அபார்ட்மென்ட்டுகளாக மாறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பட்டியலை அப்படியே வைத்தால் நன்றாக இருக்கும் டவுன்டவுன்தான் சுருங்கிக் காட்டும். அதனால் நான் விதியை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்: குடியிருப்பவர்களும் வேலை செய்பவர்களும் சேர்ந்து ஏக்கருக்கு 40 பேருக்கு மேல் உள்ள பிளாக் குரூப்புகளை (சில பிளாக்குகளைச் சேர்த்து சென்சஸ் வகுத்த பகுதிகளை) எடு, நடுப்புள்ளியிலிருந்து தொடர்ச்சியாக ஒட்டியிருப்பவற்றை மட்டும் சேர், நாலாபுறமும் சூழப்பட்ட குறைந்த அடர்த்தித் துண்டு இருந்தால் அதையும் உள்ளே வை. ஏக்கருக்கு 40 என்பது சதுர மைலுக்கு 25,600. இந்த 40 நானாக வைத்த வரம்பு, நீங்கள் 30 வைக்கலாம், 60 வைக்கலாம், எது வைத்தாலும் எல்லா ஊருக்கும் அதையே வையுங்கள். முடிந்தால் இரண்டு வெவ்வேறு வரம்புகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வரம்பு மாறும்போது வரிசையும் தலைகீழாக மாறினால் அந்த ஊர்கள் ஏறக்குறைய சமம் என்றுதான் அர்த்தம்.

ஒட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏன் விடக்கூடாது என்பதற்கு ஹூஸ்டனும் அட்லாண்டாவும் சாட்சி. ஹூஸ்டனில் டவுன்டவுனுக்கு மைல் கணக்கில் மேற்கே, அப்டவுனில், 64 மாடி வில்லியம்ஸ் டவர் 1983-இலிருந்து நிற்கிறது. தெற்கே டெக்சாஸ் மெடிக்கல் சென்டரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். அட்லாண்டாவில் டவுன்டவுன், மிட்டவுன், பக்ஹெட் என்று ஒரே பீச்ட்ரீ தெருவின் வழியே மூன்று குவியல்கள். இவற்றை எல்லாம் ஒரே டவுன்டவுனாகக் கூட்டிவிடாதீர்கள், ஆனால் இல்லாதது போலவும் எழுதிவிடாதீர்கள். தனித்தனியாக அளந்து பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். நியூயார்க்கின் லோயர் மன்ஹாட்டனையும் மிட்டவுனையும்கூட நான் அப்படித்தான் போடுவேன்.

ஆட்களை எண்ணுவது

குடியிருப்பவர்களுக்கு 2020 சென்சஸ். ட்ராக்ட் என்பது சராசரியாக 4,000 பேர் கொண்ட பகுதி, டவுன்டவுனுக்கு அது சில நேரம் ரொம்பப் பெரியது. பிளாக் என்பது ஒரே ஒரு தெருச் சதுரம், அது ரொம்பச் சிறியது. மேலும் 2020-இல் தனிமனிதர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக பிளாக் அளவிலான எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, அதனால் ஒரு தனி பிளாக்கின் எண்ணை நம்பிப் பேசக்கூடாது. நடுவில் இருக்கும் பிளாக் குரூப்தான் இந்த வேலைக்குத் தோதானது.

எண்ணும்போது சிறைகளையும் மாணவர் விடுதிகளையும் பாருங்கள். சிகாகோ லூப்பின் தெற்கில் முக்கோண வடிவில் நிற்கும் உயரமான கட்டடம் ஒரு ஃபெடரல் சிறை. லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பெரிய கவுண்டிச் சிறைகள் இருக்கின்றன. சென்சஸ் அங்கே இருப்பவர்களை அங்கேயே குடியிருப்பவர்களாக எண்ணும். குழுவாகத் தங்குபவர்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது, அதில் சிறை, விடுதி, முதியோர் இல்லம் என்று பிரித்திருப்பார்கள். விடுதி மாணவர்கள் தெருவில் நடக்கிறார்கள், கடையில் வாங்குகிறார்கள், அவர்களை வைத்துக்கொள்ளலாம். சிறையில் இருப்பவர்களைத் தனியாகக் காட்டுவதுதான் நேர்மை.

வேலைகளுக்கு மறுபடியும் ஆன்-த-மேப். உங்கள் எல்லையை நீங்களே வரைந்து உள்ளே எத்தனை வேலை என்று கேட்கலாம். எல்லா வேலைகள், முதன்மை வேலைகள் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும், ஆட்களை எண்ண வேண்டும் என்றால் முதன்மை வேலைகளை எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வேலை பார்ப்பவர் இரண்டு பேராகிவிடுவார். சொந்தத் தொழில் செய்பவர்களும் ராணுவத்தினரும் இதில் வரமாட்டார்கள். முக்கியமாக, வீட்டிலிருந்தே வேலை செய்பவரைக்கூட இந்தத் தரவு அலுவலகம் இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் எண்ணும். 2020-க்குப் பிறகு இது சின்ன விஷயம் இல்லை. வேலை அடர்த்தி என்று நீங்கள் எழுதுவது நாற்காலிகளின் எண்ணிக்கை, தினமும் வந்து உட்காருபவர்களின் எண்ணிக்கை அல்ல என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் மெட்ரோ நிலையங்களில் ஏறி இறங்குபவர்களின் கணக்கு, கட்டடங்களில் அட்டை தேய்த்து உள்ளே போவதை வைத்து காஸ்டில் நிறுவனம் பத்துப் பெருநகரங்களுக்கு வெளியிடும் விகிதம் போன்றவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

எந்தப் பரப்பால் வகுப்பது

சென்சஸின் வரைபடக் கோப்புகளில் ஒவ்வொரு பகுதிக்கும் நிலப்பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். 4,047-ஆல் வகுத்தால் ஏக்கர், 25,90,000-ஆல் வகுத்தால் சதுர மைல். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இதற்கெல்லாம் ஒரு சூத்திரம் போதும்.

பூங்காவைக் கழிப்பதா வேண்டாமா? சிகாகோவின் கிரான்ட் பார்க் 319 ஏக்கர், அதாவது ஏறக்குறைய அரை சதுர மைல், லூப் பகுதிக்குள்ளேயே வருகிறது. அதைச் சேர்த்தால் லூப்பின் அடர்த்தி சதுர மைலுக்கு 26,000 சொச்சம், கழித்தால் 38,000-ஐத் தொடும். என் முடிவு: பெரிய பூங்காவைக் கழிக்கலாம், ஆனால் கழித்ததைச் சொல்ல வேண்டும். பார்க்கிங் இடத்தையும் ஃப்ரீவேயையும் ஒருபோதும் கழிக்கக்கூடாது. ஊரே தீர்மானித்து அந்த நிலத்தை அப்படி வைத்திருக்கிறது, அது டவுன்டவுனின் குணம். கன்சாஸ் சிட்டி டவுன்டவுனைச் சுற்றி ஃப்ரீவே வளையம், செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையில் இன்று ஆர்ச் என்ற நினைவு வளைவு நிற்கும் இடத்துக்காக 1939-இலிருந்து இடித்துத் தள்ளிய சுமார் 40 பிளாக்குகள், டெட்ராய்ட்டில் மூன்று பக்கமும் ஃப்ரீவே. இவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்பதே மறைந்துவிடும். செயற்கைக்கோள் படத்தின் மேல் தரை மட்டப் பார்க்கிங் இடங்களை எல்லாம் கோடு போட்டுக் கூட்டி, மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு ஊருக்கும் எடுத்துப் பாருங்கள். என் பார்வையில் ஒரு டவுன்டவுனைப் பற்றி மிக அதிகம் சொல்லும் ஒற்றை எண் அதுதான்.

தெருக்கள் விஷயம் நுணுக்கமானது. போர்ட்லண்ட் டவுன்டவுனில் பிளாக் 200 அடிக்கு 200 அடி, தெரு பெரும்பாலும் 60 அடி அகலம். கணக்குப் போட்டால் நிலத்தில் 41 சதவீதம் தெருவுக்கே போகிறது. சால்ட் லேக் சிட்டியில் பிளாக் 660 அடி, தெரு 132 அடி, தெருவின் பங்கு 31 சதவீதம்தான். ஆக இரண்டு ஊரிலும் பிளாக்குக்குள் ஏக்கருக்கு 100 பேர் சரியாக இருந்தாலும் மொத்தப் பரப்பால் வகுக்கும்போது போர்ட்லண்டுக்கு 59, சால்ட் லேக்குக்கு 69 என்று வரும். ஆனால் அதே அளவுகளை வைத்துச் சந்திப்புகளை எண்ணினால் போர்ட்லண்டில் சதுர மைலுக்கு 400-க்கு மேல், சால்ட் லேக்கில் 45-கூட இல்லை. பிற்காலத்தில் பிளாக்குகளுக்கு நடுவே வெட்டிய சின்னச் சந்துகள் சால்ட் லேக்கின் கணக்கைக் கொஞ்சம் உயர்த்தும், அப்போதும் பக்கத்தில் வராது. 250 அடி பிளாக்கும் 80 அடி தெருவும் உள்ள ஹூஸ்டன் 250 சொச்சத்தோடு நடுவில் நிற்கும். எந்த ஊர் அடர்த்தி என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்பவரிடம் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வாஷிங்டனில் 1910-ஆம் வருஷத்துச் சட்டப்படி வணிகத் தெருக்களில் கட்டடத்தின் உயரம் தெருவின் அகலத்தோடு 20 அடிதான் கூடுதலாக இருக்கலாம், அதுவும் பெரும்பாலும் 130 அடிக்கு மேல் போகக்கூடாது. ஓக்லஹோமா சிட்டியின் டெவன் கோபுரம் 844 அடி, 50 மாடி. மொபைல் என்ற ஊரின் மக்கள்தொகை 2020-இல் 2 லட்சத்துக்கும் குறைவு, அங்கே 745 அடிக்கு ஒரு கோபுரம். படத்தில் பார்த்தால் வாஷிங்டன்தான் சின்ன ஊர். ஆனால் வாஷிங்டனில் 12 மாடிக் கட்டடங்கள் மனையின் விளிம்பு வரை நிரப்பி, பிளாக் பிளாக்காக, இடைவெளியே இல்லாமல் நிற்கின்றன.

கணக்காகவே பாருங்கள். ஒரு பிளாக்கின் ஐந்தில் ஒரு பங்கில் 50 மாடிக் கோபுரம் நின்றால் தளப்பரப்பு அந்த பிளாக்கைப் போல 10 மடங்கு. பக்கத்து மூன்று பிளாக்குகளும் வெறும் பார்க்கிங் என்றால் நான்குக்கும் சேர்த்து சராசரி இரண்டரை மடங்குதான். 12 மாடி உயரத்தில் பிளாக்கில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பினால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்பதரை மடங்கு வரும். ஃபிலடெல்ஃபியாவில் சிட்டி ஹால் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையின் தொப்பிக்கு மேல் கட்டக்கூடாது என்ற எழுதாத ஒப்பந்தம் 1987-இல் ஒன் லிபர்ட்டி பிளேஸ் கோபுரம் வரும் வரை இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 150 அடி வரம்பு 1950-களின் கடைசி வரை. இரண்டுமே அந்தக் காலத்தில் நெருக்கமான டவுன்டவுன்கள்.

தளப்பரப்பை நீங்களே எடுக்க வேண்டும் என்றால் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டுத் தரவைத் தேடுங்கள், பல கவுண்டிகள் மனைவாரியாகக் கட்டடப் பரப்பை இலவசமாகத் தருகின்றன. வரி இல்லாத அரசுக் கட்டடங்கள் அதில் விடுபட்டிருக்கலாம், மாநிலத் தலைநகரங்களில் இதைக் கவனிக்க வேண்டும். நடமாட்டத்தை எண்ணப் போகிறீர்கள் என்றால் ஹூஸ்டனில் தெருவுக்குக் கீழே ஆறு மைலுக்கு மேல் சுரங்க நடைபாதைகள், மினியாபொலிஸில் தெருவுக்கு மேலே சுமார் ஒன்பதரை மைல் மூடிய பாலங்கள் இருப்பதை மறக்காதீர்கள்.

ஒரு எண்ணுக்குப் பதிலாக ஒரு கோட்டுப்படம்

எல்லாம் எடுத்த பிறகு ஒற்றைச் சராசரியோடு நிறுத்தாமல் நடுப்புள்ளியிலிருந்து கால் மைல் கால் மைலாக வளையம் போட்டு ஒவ்வொரு வளையத்தின் அடர்த்தியையும் வரைந்து பாருங்கள். ஃபிலடெல்ஃபியாவில் அலுவலகக் கோபுரங்கள் முடியும் இடத்திலேயே வரிசை வீடுகள் தொடங்கிவிடுவதால் கோடு மெதுவாக இறங்கும். ஃப்ரீவே வளையம் உள்ள ஊர்களில் அந்த வளையத்தில் சட்டென்று படி இறங்குவது மாதிரி விழும். எல்லைக்கோட்டைப் பற்றிய சண்டை இந்தப் படத்தில் பாதி அடங்கிவிடும், ஏனென்றால் எந்த எல்லை வைத்தால் என்ன பதில் வரும் என்பது படத்திலேயே தெரியும்.

கூடவே ஆள்-எடையிட்ட அடர்த்தி என்று ஒன்றையும் கணக்கிடுங்கள். 10 ஏக்கரில் 1,000 பேரும் பக்கத்து 90 ஏக்கரில் யாருமே இல்லாமலும் இருந்தால் சாதாரண அடர்த்தி ஏக்கருக்கு 10. ஆனால் அங்கே வாழும் ஒவ்வொருவரும் அனுபவிப்பது ஏக்கருக்கு 100. ஒவ்வொரு பிளாக் குரூப்பின் அடர்த்தியையும் அதன் மக்கள்தொகையால் பெருக்கி, கூட்டி, மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் இந்த இரண்டாவது எண் கிடைக்கும். 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்புறப் பகுதி சதுர மைலுக்கு சுமார் 7,000 பேர், நியூயார்க் சுமார் 5,300, அதாவது லாஸ் ஏஞ்சலஸ்தான் அடர்த்தி என்று பலரும் வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் பெருநகரப் பகுதிகளை எடையிட்டுப் பார்த்தால் நியூயார்க் 31,000-ஐத் தாண்டியது, லாஸ் ஏஞ்சலஸ் 12,000 சொச்சம். இரண்டு கணக்கும் சரி. நியூயார்க்கின் பரந்த புறநகரங்கள் முதல் எண்ணை இழுத்துவிட்டன, பெரும்பாலான மக்கள் வாழும் இடம் எப்படி என்பதை இரண்டாவது எண் சொல்கிறது.

பழைய வருஷத்தோடும் ஒப்பிட நினைத்தால் கடைசியாக ஒரு வேலை. சென்சஸ் ஒவ்வொரு பத்து வருஷமும் ட்ராக்ட் எல்லைகளைத் திருத்துகிறது, ஆள் கூடிய டவுன்டவுன்களில் 2010-இல் ஒன்றாக இருந்தது 2020-இல் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். எந்தப் பழைய ட்ராக்ட் எந்தப் புதியதற்குள் எவ்வளவு விழுகிறது என்ற இணைப்புக் கோப்பை சென்சஸே தருகிறது, அதை வைத்துப் பொருத்திய பிறகு ஒப்பிடுங்கள். நீங்கள் வரைந்த எல்லைக் கோப்பையும், வைத்த வரம்பையும், தரவின் வருஷத்தையும், கழித்த பூங்காக்களின் பெயர்களையும் முடிவோடு சேர்த்தே பகிர்ந்துவிடுங்கள், அடுத்தவர் இன்னொரு ஊரைச் சேர்க்க வரும்போது அதே கோட்டிலிருந்து தொடங்க முடியும்.